செய்தியில் ‘கடும்’ என்று வந்தால் என்ன பொருள்? எழுதுவோருக்கும் படிப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

செய்தித்தாளின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்தச் சொல் கண்ணில் படும். கடும் வெயில். கடும் கண்டனம். கடும் போட்டி. கடும் சரிவு. கடும் நடவடிக்கை. ஐந்திலும் ஒரே சொல்தான், ஆனால் ஐந்திலும் அது ஒரே வேலையைச் செய்யவில்லை. வெயிலோடு வரும்போது வெப்பநிலையைச் சொல்கிறது, கண்டனத்தோடு வரும்போது ஒருவர் பேசிய தொனியை, போட்டியோடு வரும்போது இருவருக்கு நடுவே இருக்கும் இடைவெளியை, சரிவோடு வரும்போது ஒரு சதவீதத்தை. நடவடிக்கையோடு வரும்போதோ இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்குறுதியை. படிக்கிறவர் எல்லாவற்றையும் ‘ரொம்ப’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். எழுதுகிறவரும் பல சமயம் அப்படி நினைத்துத்தான் எழுதுகிறார்.

செய்தி எழுதுகிறவர்கள், டெஸ்க்கில் உட்கார்ந்து காப்பி (செய்தியாளர் எழுதி அனுப்பும் பிரதி) பார்த்துத் திருத்துகிறவர்கள், அப்புறம் செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க விரும்புகிறவர்கள், எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ‘கடும்’ பெரும்பாலும் ஒரு அளவு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவு என்ன, அளந்தது யார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

படி 1: முதலில் சொல்லைத் தனியாகப் பாருங்கள்

‘கடு’ என்ற அடியிலிருந்து வருவது கடும். இன்று நமக்கு அது கடினம், மிகுதி, இரக்கமின்மை. ஆனால் பழைய தமிழில் வேகத்துக்கும் இதே சொல்தான். கடும்பரி என்றால் விரைந்து ஓடும் குதிரை. ‘கடுகி வந்தான்’ என்றால் விரைந்து வந்தான். இந்தப் பொருள் செத்துப்போய்விட்டது என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நினைக்கலாம்; இலங்கைத் தமிழ் நாளிதழைப் பிரித்தால் ‘கடுகதி ரயில்’ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் எக்ஸ்பிரஸ் என்று சொல்வதை அவர்கள் அப்படி எழுதுகிறார்கள். பக்கத்துச் சொல்லான ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்கு நன்னூல் காவல், கூர்மை, மணம், அச்சம், விரைவு, மிகுதி, புதுமை என்று 13 பொருள்களை அடுக்குகிறது. ஆக, ஒரு சொல்லில் பல பொருள் தங்குவது நமக்குப் புதிதல்ல. செய்தியில் சிக்கல் வேறு: அந்தப் பொருள்களில் எது என்று காட்டிக்கொடுக்காமலே எழுதிவிட முடிகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘கடும்’ வேறு, ‘கடுமையான’ வேறு. கடுமையான ஆசிரியர் என்று சொல்லலாம், கடும் ஆசிரியர் என்று யாரும் சொல்வதில்லை. கடுமையான சட்டம் என்றால் சட்டத்தின் குணம் தெரிகிறது. கடும் சட்டம் என்றால் தலைப்புக்கு இடம் போதாமல் சுருக்கியது தெரிகிறது. ‘கடும்’ ஒட்டிக்கொள்ள விரும்புவது நிகழ்வுகளோடு, அதிலும் பெரும்பாலும் நல்லதல்லாத நிகழ்வுகளோடு. கடும் மகிழ்ச்சி கிடையாது, கடும் வரவேற்பு கிடையாது, அமோக வரவேற்புதான். உழைப்பு, முயற்சி, பயிற்சி இந்த மூன்றோடும் பாராட்டாக வரும், ஆனால் அங்கும் உள்ளே ஒரு வலி இருக்கிறது என்று சொல்லித்தான் பாராட்டுகிறது.

படி 2: பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

‘கடும்’ தனக்கென்று அதிகம் சொல்வதில்லை, அடுத்த சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. அதனால் அடுத்த சொல் எந்த வகை என்று பாருங்கள். அளக்கக்கூடிய பொருளா (வெயில், மழை, பனிமூட்டம், விலை)? ஒருவர் வாயிலிருந்து வந்ததா (கண்டனம், எதிர்ப்பு, விமர்சனம், எச்சரிக்கை)? ஒருவர் உடலோ மனமோ உணர்ந்ததா (அவதி, அதிர்ச்சி, மன உளைச்சல்)? அதிகாரம் செய்வதா (நடவடிக்கை, கட்டுப்பாடு, தண்டனை)? இரண்டு தரப்புக்கு இடையே நடப்பதா (போட்டி, வாக்குவாதம், மோதல்)?

வகை தெரிந்ததும் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அளக்கக்கூடியது என்றால் எண் எங்கே? வாயிலிருந்து வந்தது என்றால் அவர் சொன்ன வார்த்தை எங்கே? உணர்ந்தது என்றால் உணர்ந்தவர் யார்? அதிகாரம் என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?

‘கடும் போட்டி’ ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் அது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிலைமைகளைக் குறிக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. அது கடும் போட்டி. பொருள், இரண்டு பேர் கிட்டத்தட்டச் சமம். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதுவும் கடும் போட்டி. பொருள், ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல் முட்டி மோதுகிறார்கள். முதலாவதில் இடைவெளி சிறியது, இரண்டாவதில் கூட்டம் பெரியது. எண் இல்லாமல் ‘கடும் போட்டி’ என்று மட்டும் எழுதினால் எந்தப் போட்டி என்று வாசகர் ஊகிக்கத்தான் வேண்டும். தேர்தலுக்கு முன்னால் எழுதும் ‘கடும் போட்டி நிலவுகிறது’ இன்னும் ஆபத்தானது. அதில் இடைவெளியும் தெரியாது, கூட்டமும் தெரியாது, செய்தியாளரின் எதிர்பார்ப்பு மட்டும்தான் இருக்கிறது. டென்னிஸில் 6-1, 6-2 என்று முடிந்த ஆட்டத்துக்கும் ‘கடும் போட்டிக்குப் பின் வென்றார்’ என்று எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஸ்கோர் பக்கத்திலேயே இருந்து அதை மறுக்கிறது.

படி 3: அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

நம் செய்தியில் வரும் பல ‘கடும்’களுக்கு யாரோ ஒருவர் ஏற்கெனவே அளவு வகுத்து வைத்திருக்கிறார். அதை எடுத்துப் போட்டால் போதும், சொல்லே வேண்டாம்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடும் மழை’ என்று ஒரு வகை வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் கிடையாது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. நீங்கள் ‘கடும் மழைக்கு வாய்ப்பு’ என்று எழுதினால், மையம் விடுத்தது எந்த எச்சரிக்கை என்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது. 8 செ.மீ. பெய்யப்போவதற்கும் 22 செ.மீ. பெய்யப்போவதற்கும் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவு ஒன்றல்ல. ஒன்றில் குடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள், இன்னொன்றில் கீழ்த்தளத்துப் பொருள்களை மேலே ஏற்றுவார்கள். புயலும் அப்படித்தான். காற்றின் வேகம் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. என்றால் புயல், 89 முதல் 117 என்றால் தீவிர புயல். ‘கடும் புயல்’ இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

வெயிலில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. ‘வெயில் சதமடித்தது’ என்று நாம் ஆசையாக எழுதும் 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். சமவெளியில் அது வெப்ப அலையே அல்ல. அங்கே வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், அதோடு அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும். இயல்பைவிட 6.4 டிகிரிக்கு மேல் கூடினால் அதைத்தான் கடும் வெப்ப அலை என்கிறார்கள். கடலோரத்துக்கு 37 டிகிரி போதும், இயல்பைவிட 4.5 கூடியிருந்தால். ஆகவே 38 டிகிரி என்ற ஒரே எண் கடலோர ஊருக்கு வெப்ப அலையாகவும் உள்மாவட்டத்துக்குச் சாதாரண மே மாதமாகவும் இருக்க முடியும். ‘கடும் வெயில்’ என்று எழுதும்போது இயல்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தச் சொல் ஏதாவது சொல்லும்.

பனிமூட்டத்துக்கு அளவு பார்வைத் தொலைவு: 200 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடைப்பட்டது அடர் பனிமூட்டம், 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. ‘50 அடி தூரத்தில் இருந்த லாரிகூடத் தெரியவில்லை’ என்று ஓட்டுநர் சொன்னதைப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பங்குச்சந்தை ‘கடும் சரிவு’ தனிப் பாடம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் இறங்கியது. 2020 மார்ச் 23, ஊரடங்கு நேரத்தில் இறங்கியது 3,934 புள்ளிகள். புள்ளியை மட்டும் பார்த்தால் 2024தான் பெரிய அடி. சதவீதத்தில் பார்த்தால் 2024இல் 5.74, 2020இல் 13.15. சேமிப்பில் 1 லட்சம் ரூபாய் வைத்திருந்தவர் குறியீட்டோடு சேர்ந்து இறங்கியிருந்தால் முதல் நாளில் இழந்தது சுமார் 5,700, இரண்டாவதில் 13,000க்கும் மேல். இரண்டு நாளுக்கும் ‘கடும் சரிவு’ என்ற ஒரே தலைப்பு பொருந்திவிடுகிறது, இதுதான் அந்தச் சொல்லோடு எனக்கு இருக்கும் சண்டை. புள்ளியைத் தலைப்பில் போட்டாலும் சதவீதத்தை முதல் பத்தியில் கட்டாயம் போடுங்கள்.

படி 4: சட்டச் சொல்லாக வந்தால் தொடாதீர்கள்

எல்லா ‘கடும்’மையும் வெட்டிவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் அது அழகுக்கு வந்த அடைமொழி அல்ல, சட்டத்தின் சொல். ‘3 ஆண்டு கடுங்காவல் தண்டனை’ என்றால் தண்டனை நீளமானது என்று பொருளில்லை, சிறையில் உழைக்க வைக்கும் தண்டனை என்று பொருள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 53ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆவது பிரிவும் சிறைத்தண்டனையை இரண்டாகப் பிரிக்கின்றன: கடின உழைப்போடு கூடிய கடுங்காவல், அது இல்லாத வெறுங்காவல். இலங்கை நாளிதழ்களில் வரும் ‘கடூழியச் சிறைத்தண்டனை’யில் அது இன்னும் தெளிவு, கடு ஊழியம் என்று பெயரிலேயே வேலை இருக்கிறது. ஆகவே ‘3 ஆண்டு சிறை’ என்று சுருக்கினால் ஒரு தகவல் போய்விடும். ‘3 ஆண்டு கடும் சிறை’ என்று எழுதினால் சட்டச் சொல் சாதாரண அடைமொழியாகிவிடும். ‘கடும் தண்டனை விதிப்பு’ என்று எழுதினால் நீதிபதி மற்றவர்களைவிட அதிகமாகத் தண்டித்தார் என்ற தொனி வந்துவிடும். கடுங்காவல் என்றே எழுதுங்கள்.

காயத்திலும் இதே கவனம் வேண்டும். ‘கொடுங்காயம்’ என்பது சட்டத்தில் எட்டு வகையாக வரையறுக்கப்பட்டது: பார்வை இழப்பு, கேட்கும் திறன் இழப்பு, எலும்பு முறிவு, பல் உடைதல் என்று போகிறது அந்தப் பட்டியல். கடைசி வகையில் கடும் வலியோடு ஒருவர் 20 நாள் அவதிப்பட வேண்டும் என்று இருந்ததைப் புதிய சட்டம் 15 நாளாகக் குறைத்திருக்கிறது. ‘பலத்த காயம்’, ‘படுகாயம்’ இரண்டும் பத்திரிகை மொழி. போலீஸ் பதிந்த வழக்கைச் சொல்லும்போது கொடுங்காயம், ஆஸ்பத்திரி நிலைமையைச் சொல்லும்போது எங்கே அடிபட்டது என்பது. இரண்டையும் குழப்பக் கூடாது.

மருத்துவச் செய்தியில் ‘கடும்’ இன்னொரு மாதிரி ஏமாற்றும். மருத்துவர் சொல்வதில் இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன: நோய் திடீரென்று வந்து குறுகிய காலம் இருப்பது ஒன்று, நோய் மோசமாக இருப்பது இன்னொன்று. லேசான சளிகூட முதல் வகையில் அடங்கும். நாம் இரண்டுக்கும் ‘கடும்’ அல்லது ‘தீவிர’ என்று போட்டுவிடுகிறோம். சார்ஸ் (Severe Acute Respiratory Syndrome) என்ற சுருக்கப் பெயருக்குள், திடீரென வந்தது என்பதற்கு acute, மோசமானது என்பதற்கு severe என்று இரண்டு சொற்களும் தனித்தனியாக இருக்கின்றன என்பதே இது ஒன்றல்ல என்பதற்குச் சாட்சி. டாக்டரிடம் ‘திடீரென வந்ததா, மோசமாக இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது.

படி 5: இது யாருடைய ‘கடும்’?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி.

‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என அதிகாரி எச்சரித்தார்.’ இந்த வாக்கியத்தில் கடும் என்று சொன்னவர் அதிகாரி. செய்திக்குறிப்பில் அவர் அப்படி எழுதினார், நாம் அப்படியே இறக்கினோம். அவருடைய மிரட்டலுக்கு நம் பத்திரிகை மைக் பிடித்துவிட்டது. திருப்பிக் கேளுங்கள்: என்ன நடவடிக்கை? அபராதமா, உரிமம் ரத்தா, வழக்கா? ‘குண்டர் சட்டத்தில் கடும் நடவடிக்கை’ என்று வந்தால் அது 12 மாதம் வரை விசாரணையின்றித் தடுத்து வைக்க இடம் தரும் சட்டம் என்பதை ஒரு வரியில் சேருங்கள். அது தண்டனை அல்ல, தடுப்புக் காவல். அந்த ஒரு வரியில் கிடைக்கும் கனம் ‘கடும்’ என்ற சொல்லில் கிடைக்காது. பதில் கிடைக்கவில்லை என்றால் ‘என்ன நடவடிக்கை என்பதை அவர் விளக்கவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் செய்திதான்.

‘கடும் கண்டனம்’ அரசியல் அறிக்கையின் தலைப்பிலேயே அச்சாகி வரும். கண்டனம் என்றாலே கடுமைதான், லேசான கண்டனம் என்று யாரும் அறிக்கை விடுவதில்லை. எல்லாத் தலைவர்களும் எல்லா நாளும் கடுமையாகக் கண்டிக்கும்போது, உண்மையிலேயே கோபமாகப் பேசிய ஒருவரின் கோபம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. அவர் என்ன சொன்னார் என்பதில் கூர்மையான ஒரு வரியை மேற்கோளாகக் கொடுங்கள், கடுமை அதிலேயே தெரியும்.

‘கடும் போராட்டத்துக்குப் பின் தீயை அணைத்தனர்’, ‘கடும் போராட்டத்துக்குப் பின் பிடித்தனர்’ இரண்டும் துறைகளின் சொந்தப் பாராட்டு. தீயணைப்பு வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்கள், அதை மறுக்கவில்லை. அதனால்தான் எத்தனை வண்டி, எத்தனை மணி நேரம், யாருக்காவது மூச்சுத்திணறலா என்று எழுத வேண்டும். அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

நீதிமன்றச் செய்தி இதிலேயே மிகவும் சிக்கலானது. ‘உயர் நீதிமன்றம் கடும் அதிருப்தி’, ‘நீதிபதிகள் கடும் கண்டனம்’ என்று தினமும் வருகிறது. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதா, எழுத்து உத்தரவில் இருப்பதா? 2021 ஏப்ரலில் கொரோனா பரவலுக்குத் தேர்தல் ஆணையம்தான் பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையில் சொன்ன கருத்து நாடெங்கும் செய்தியானது. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 மே 6 அன்று வந்த தீர்ப்பு, அந்தக் கருத்துகள் கடுமையானவை என்று சொன்னது. கூடவே, வாய்மொழிக் கருத்துகள் நீதிமன்ற ஆவணத்தில் இடம்பெறாதவை, எனவே அதிலிருந்து நீக்க எதுவும் இல்லை என்றும், விசாரணையில் நடப்பதைச் செய்தியாக்க ஊடகங்களைத் தடுக்க முடியாது என்றும் சொன்னது. அதாவது, வாய்மொழிக் கருத்தை எழுதும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் அது உத்தரவு இல்லை. ‘கடும் கண்டனம்’ என்று மட்டும் போட்டால் வாசகர் உத்தரவே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். ‘விசாரணையின்போது கூறினர்’ என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள். உத்தரவு வேறு மாதிரி வந்தால் அதையும் அதே அளவுக்கு வெளியிடுங்கள்.

படி 6: சொல்லுக்கு ஏற்ற ஜோடியா?

தமிழில் மிகுதியைச் சொல்லும் சொற்கள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் ஒட்டும் ஆள் தனி. பலத்த காற்று, பலத்த பாதுகாப்பு, பலத்த கைத்தட்டல். தீவிர விசாரணை, தீவிர வாக்கு சேகரிப்பு. படுதோல்வி, படுகொலை. அமோக விளைச்சல். மாற்றிப் போட்டால் சில சமயம் பொருளே மாறும். ‘தீவிர சோதனை’ என்றால் விமான நிலையத்தில் பையைக் குடைந்து பார்க்கிறார்கள். ‘கடும் சோதனை’ என்றால் வாழ்க்கை ஒருவரைப் படுத்துகிறது. ‘பலத்த எதிர்ப்பு’ என்றால் எதிர்ப்பவர்கள் நிறையப் பேர் என்ற சாயல் வருகிறது. ‘கடும் எதிர்ப்பு’க்கு ஒரே ஒருவர் போதும், குரல் உரக்க இருந்தால் சரி. இந்த வேறுபாடு அகராதியில் கிடைக்காது, வாய்விட்டுப் படித்தால் காதுக்குக் கிடைக்கும்.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கும் எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு குறிப்பு: அங்கே கடும் பச்சை, கடும் நீலம் என்று நிறத்துக்கும் சொல்வார்கள். இங்கே அது கரும்பச்சை, அடர் நீலம்.

படி 7: தலைப்பில் வரும்போது

‘கடும்’ மூன்றே எழுத்து. ‘கடுமையான’ ஐந்து. தலைப்பு எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது, அதனால்தான் இந்தச் சொல் தலைப்புகளில் இப்படிப் பெருகியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை, இடம் இல்லாத நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘முன்னாள் அமைச்சர் மீது கடும் தாக்கு’ என்ற தலைப்பைப் படிக்கிறவர் அவரை யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஒரு நொடி பதறுவார். ‘கடும் தாக்கு’ என்பது பேச்சுக்கு, ‘கடும் தாக்குதல்’ என்பது கைகலப்புக்கும் போருக்கும் என்று டெஸ்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓடும் பஸ்ஸில் போனைத் தள்ளிக்கொண்டே படிப்பவருக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. ‘விமர்சனம்’ என்று எழுத இடம் இருந்தால் அதையே எழுதுங்கள்.

ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று கேட்பார்கள். நிலைத்துவிட்ட கூட்டுச்சொற்களைச் சேர்த்தே எழுதுங்கள்: கடுங்காவல், கடுஞ்சொல், கடுந்தவம், கடுங்குளிர். மற்றதைப் பிரிக்கலாம், கடும் போட்டி, கடும் எதிர்ப்பு என்று. ஒரே பத்திரிகையில் ஒரே சொல் இரண்டு விதமாக வராமல் இருந்தால் போதும்.

படி 8: ஒரு காப்பியை உட்கார்ந்து திருத்திப் பாருங்கள்

இப்படி ஒரு காப்பி உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘மாவட்டத்தில் நேற்று பெய்த கடும் மழையால் தாழ்வான பகுதிகள் கடும் பாதிப்புக்கு உள்ளாகின. பிரதான சாலையில் கடும் போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டதால் வாகன ஓட்டிகள் கடும் அவதி அடைந்தனர். கால்வாய் தூர்வாராததே காரணம் என எதிர்க்கட்சியினர் கடும் கண்டனம் தெரிவித்தனர். ஆக்கிரமிப்பாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என ஆட்சியர் தெரிவித்தார்.’

நான்கு வாக்கியம், ஆறு ‘கடும்’. படித்து முடித்ததும் எவ்வளவு மழை, எத்தனை வீடு, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் தெரியவில்லை. செய்தியாளருக்கு போன் போடுங்கள். மழைமானி அளவு கேளுங்கள், 9 செ.மீ. என்றால் அது கனமழை. பாதிப்பு என்றால் என்ன, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, சுவர் விழுந்ததா? நெரிசல் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? அவதியை வெட்டிவிட்டு, அந்த நெரிசலில் நின்ற ஒருவர் சொன்னதைக் கேட்டு வாங்குங்கள். எதிர்க்கட்சியினர் சொன்னதில் கால்வாய் எப்போது கடைசியாகத் தூர்வாரப்பட்டது என்ற தகவல் இருக்கிறதா? ஆட்சியர் சொன்ன நடவடிக்கை நோட்டீஸா, இடிப்பா?

பதில்கள் வந்த பிறகு இப்படி மாறலாம்:

‘மாவட்டத்தில் நேற்று 9 செ.மீ. கனமழை பெய்தது. ஆற்றோரக் குடியிருப்பில் 40 வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. பிரதான சாலையில் மாலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை வாகனங்கள் ஊர்ந்து சென்றன. “பிள்ளையை ஸ்கூலில் இருந்து கூட்டிவர மூன்று மணி நேரம் ஆச்சு” என்றார் ஒரு பெண். கால்வாயை இரண்டு ஆண்டாகத் தூர்வாரவில்லை என்று எதிர்க்கட்சியினர் குற்றம்சாட்டினர். கால்வாய்க் கரை ஆக்கிரமிப்புகளுக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பதாகவும், 15 நாளில் அகற்றாவிட்டால் இடிக்கப்படும் என்றும் ஆட்சியர் தெரிவித்தார்.’

ஒரு ‘கடும்’கூட இல்லை, ஆனால் நிலைமை எவ்வளவு மோசம் என்பது முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: 15 நாள் கழித்து என்ன ஆனது என்று ஃபாலோ-அப் எழுத உங்களுக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. ‘கடும் நடவடிக்கை’க்குத் தேதி கிடையாது, அதனால் அது நடக்காமல் போனாலும் யாரும் கேட்பதில்லை.

படி 9: எங்கே வைத்துக்கொள்ளலாம்

ஒருவர் சொன்னதை மேற்கோளில் தரும்போது அவர் ‘கடும்’ என்று சொல்லியிருந்தால் இருக்கட்டும், அது அவர் சொல். சட்டச் சொல்லாக, வானிலை மையத்தின் வகைப்பெயராக வந்தாலும் அப்படியே விடுங்கள். அளக்க வழியே இல்லாத இடங்களும் உண்டு. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் துயரத்துக்கு எண் கேட்க முடியாது, ஆனால் அங்கே பெரும்பாலும் அடைமொழியே தேவைப்படுவதில்லை.

மாற்றம் செய்தியாகும்போதும் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. நேற்றுவரை ஒரு மசோதாவைப் பட்டும் படாமல் பேசி வந்த கூட்டணிக் கட்சி இன்று வெளிநடப்பு செய்கிறது என்றால், ‘கடும் எதிர்ப்பு’ என்று தாராளமாக எழுதுங்கள். அடுத்த வரியிலேயே நேற்று அவர்கள் பேசியதையும் இன்று பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.